வலது பக்கம் நில்லுங்க

"வலது பக்கம் நில்லுங்க. இடது பக்கம் அவசரமாப் போறவங்களுக்கு."

மாஸ்டர் வலது பக்கம் ஒதுங்கினார். நகரும் படிக்கட்டு இரண்டு பேரையும் பூமிக்கு அடியில் இறக்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியை அவர் விடவே இல்லை. புதுக் கோட்டின் கையில் விலைச்சீட்டு இன்னும் தொங்குவதை அவர் மனைவி அப்போதுதான் பார்த்தாள். பல்லால் கடித்து அறுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, இங்கே தரையில் எதையும் போடக்கூடாது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னாள்.

காலையில் வீட்டைப் பூட்டியதிலிருந்தே அவள் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். குப்பையில் நீலப் பை செவ்வாய்க்கிழமை, கறுப்புப் பை வெள்ளிக்கிழமை. மாற்றி வைத்தால் எடுக்காமல் போய்விடுவார்கள், கீழ்வீட்டுக்காரி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பஸ் தானாக நிற்கும் என்று காத்திருக்கக்கூடாது, கை காட்ட வேண்டும். ரயிலுக்குள் போனில் கத்தக்கூடாது. எந்த ஆபீசானாலும் நகலைத்தான் கொடுக்க வேண்டும், அசல் கையை விட்டுப் போகக்கூடாது. மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவர் ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். முன்பெல்லாம் சமையற்கட்டுக்கு மேல்மாடியிலேயே படுக்கை. படி இறங்கினால் வேலை, படி ஏறினால் தூக்கம். வாரத்தில் ஒரு நாள் லீவு வந்தால் அதுவும் தூக்கத்துக்கே சரியாகப் போகும். பேப்பர் சமாசாரம் முழுக்க மேனேஜர் பார்த்துக்கொண்டார். ஆனால் தனி வீடு எடுத்த பிறகு முகவரியைக் குடும்பத்தோடு நேரில் போய்ப் பதிய வேண்டும். இன்றைக்கு விட்டால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நேற்று முழுக்க மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. ஊரே அவளுக்கு அத்துப்படி. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. அவர் வேலைக்குப் போனதும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவாள். அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். வழியில் பார்த்த மருந்துக்கடை, தபால் ஆபீஸ், நல்ல காய்கறி கிடைக்கும் இடம் எல்லாம் ஒரு நோட்டில் ஏறிவிடும்.

ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து ஒரு பாலத்தின் மேல் ஓடியது. கீழே அகலமாக, சாம்பல் நிறத்தில் தண்ணீர்.

"இந்த ஊர்ல ஆறு இருக்கா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கே. ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன். கரையில உக்கார பெஞ்சு எல்லாம் போட்டிருக்கு."

இறங்கும் இடம் வந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. வழி விடச் சொல்லிக் கேட்க அந்த ஊர்ப் பாஷையில் ஒரு சொல்லை அவள் காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். வந்தது வேறு. அதே பாஷைதான், சுத்தமான உச்சரிப்பு, நல்ல கனத்த குரல். நான்கு பேர் திடுக்கிட்டு விலகினார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"'பின்னாடி கொதிக்கிற சட்டி, ஒதுங்கு'ன்னு."

"அது சமையற்கட்டுல. இங்க மெதுவா, சிரிச்சிட்டே கேக்கணும்" என்றாள் அவள்.

ஆபீஸ் வாசலில், கூட்டத்தில் பிரிந்துபோனால் உதவட்டும் என்று வீட்டு முகவரியும் தன் போன் நம்பரும் எழுதிய சீட்டை அவர் சட்டைப் பையில் செருகினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டு இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டோக்கன் எடுக்கும்போதே மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும், காசு கிடையாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படி வந்து சேர்ந்தவள் ஒரு சின்னப் பெண், நம்ம பாஷைக்காரி. அதிகாரி காகிதங்களைக் கேட்கக் கேட்க, மாஸ்டரின் மனைவி பையிலிருந்து வரிசையாக எடுத்து வைத்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. மாஸ்டர் அவளுடைய பையின் வாரைப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு ஆபீசில் கொடுக்கும் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பயப்படாதீங்க அண்ணா. புதுசுல எல்லாருக்கும் திக்குத் தெரியாமத்தான் இருக்கும். அக்கா கூடவே ஒரு ஆறு மாசம் சுத்துங்க, தானாப் பழகிடும்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் வேண்டாம் என்று கையால் தடுத்தார். அதற்குள் அதிகாரி மாஸ்டரின் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருந்த பழைய பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார். அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் என்னவோ கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் இந்த ஊருக்கு வந்து எவ்வளவு நாளாச்சுன்னு கேக்கறார்" என்றாள் அவள்.

மாஸ்டர் கோட்டின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவளுக்கு நாப்பது நாள். எனக்குப் பதினாலு வருஷம்."