சிவப்புக் கோடு

கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டோர் கீப்பர் பரீட்சை எழுத வந்தவர்போல உட்கார்ந்திருக்கிறார். இருபத்தாறு வருஷம் நோட்டில் எழுதிய கை, மவுஸின் மேல் வியர்த்துக் கிடக்கிறது. "இந்த ஃபைலை எல்லாரும் ஒரே நேரத்துல திறக்கலாம்ணே. சிவப்பா ஒரு கோடு நகருதே, அது மேனேஜர். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அவருக்கும் தெரியும்," என்கிறாள் பக்கத்து மேசைப் பெண். "அப்ப ஒளிஞ்சுக்க முடியாதுங்கிறே," என்று சிரிக்கிறார். அவள் டீ எடுக்கப் போகிறாள். அவர் அடுத்த மாத ஷிப்ட் பட்டியலைத் திறந்து, ஏழாவது வரியில் தன் பெயரைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். அதே வரிக்குச் சிவப்புக் கோடும் வருகிறது. பெயரின் கடைசி எழுத்து மறைகிறது. அதற்கு முந்தையதும் மறைகிறது. பிறகு கோடு அப்படியே நின்றுவிடுகிறது. இவர் அங்கே நிற்பது மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள், "கத்துக்கங்க, இனிமே எல்லாம் இதுலதான்" என்று காலையில் தோளைத் தட்டிய மேனேஜரின் முதுகு அசையாமல் இருக்கிறது. பாதிப் பெயரின் ஓரத்தில் கோடு துடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டோர் கீப்பர் மவுஸை மெல்ல நகர்த்தி, பட்டியலுக்குக் கீழே ஒன்றும் எழுதாத இடத்தில் தட்டி, அங்கே போய் நின்றுகொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மீதி எழுத்துகளும் ஒவ்வொன்றாகப் போகின்றன.