ஜிப் பைக்குள் ஒரு கம்பளி

பீரோ மேல் ஜிப் பைக்குள் இருந்த கம்பளி, சோபாவில் அழகுக்காகக் கிடந்த மெல்லிய போர்வையான த்ரோவைப் பார்த்துக் கத்தியது.

"இன்னைக்குச் சம்பந்தி வர்றாராம்! விருந்தாளிக்குன்னே என்னை நாலு வருஷமா வச்சிருக்காங்க. ஏசி போட்டதும் என்னைத்தான் எடுப்பாங்க!"

"உன்னைப் போர்த்தினா மனுஷன் வெந்துடுவார்," என்றது த்ரோ. "நான்தான் போவேன்."

"பந்தயமா?"

"பந்தயம்! தோத்தா கால்மிதி!"

கம்பளி பைக்குள்ளேயே குதித்தது. த்ரோவின் குஞ்சமெல்லாம் ஆடியது.

சம்பந்தி ஏகாம்பரம் வந்தார். அவர் உட்காரும் முன்பே வீட்டுக்காரி சௌந்தரம் ஓடிவந்து, "காபி கொட்டிடும்" என்று த்ரோவை மடித்து அலமாரியில் வைத்தாள். கம்பளி விழுந்து விழுந்து சிரித்தது.

சாப்பிட்டதும் அவர் சோபாவில் சாய்ந்தார். ஏசி ஜில்லென்று அடித்தது. சௌந்தரம் பீரோ பக்கம் கையை நீட்டினாள். கம்பளிக்கு மூச்சே நின்றது.

"வேணாம் சம்பந்தியம்மா, புதுசு, அழுக்காயிடும்" என்றார் அவர்.

"ஆமாங்க" என்று அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் கட்டியிருந்த வேட்டியையே தளர்த்தி, தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டார்.

"அப்போ வேட்டியா ஜெயிச்சது?" என்று அலமாரிக்குள்ளிருந்து த்ரோ கேட்டது.

கம்பளி பதில் சொல்வதற்குள் அதன் தலைமேல் பொத்தென்று ஒரு புது ஜிப் பை வந்து உட்கார்ந்தது. சம்பந்தி பரிசாகக் கொண்டுவந்த இன்னொரு கம்பளியைச் சௌந்தரம் பீரோ மேல் ஏற்றியிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்றது பைக்குள்ளிருந்த குரல். "அடுத்த விருந்தாளி வந்ததும் நான் கிளம்பிடுவேன்!"