மஞ்சள் பொட்டு

தேனீப் பெட்டிக்குப் புதிதாக வந்த ராணியின் முதுகில், தேனீ வளர்ப்பவர் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். ராணிக்குத் தலைகால் புரியவில்லை.

"இத்தனை ஆயிரம் பேர்ல எனக்கு மட்டும்தான் பொட்டு. மரியாதை தெரிஞ்ச மனுஷன்!" என்று பெட்டியின் மரமூடியிடம் பீற்றிக்கொண்டது.

"ஆமா தாயி. போன வருஷத்து ராணிக்கும் வெள்ளைப் பொட்டு வச்சாரு" என்றது மூடி.

"அவ இப்ப எங்கே?"

"முட்டை குறைஞ்சதும் என்னைத் திறந்தாரு. பொட்டைப் பார்த்தாரு. ரெண்டு விரலால தூக்கிட்டுப் போனாரு. திரும்பக் கொண்டாந்து விடல. பொட்டு இல்லேன்னா பாவம், நாள் பூரா தேடியிருப்பாரு."

ராணி சாயங்காலம் வரை தேனடை மாட்டிய மரச்சட்டத்தின் ஓரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"வீணா மெனக்கெடாதீங்க தாயி" என்றது மூடி. "நல்ல கம்பெனி பெயிண்ட்."