இரண்டு மதிப்பெண் ஆள்

"ஃபிரிட்ஸ் ஹேபர்" என்று அவள் ஆரம்பித்ததுமே ஆளெடுக்க வந்த கம்பெனி அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஆறு பேர். அவளைத் தவிர மற்ற ஐந்து பேரும் பையன்கள். மனித வரலாற்றை அதிகம் மாற்றிய ஒரே ஆள் யார்? ஆளுக்கொரு பெயர் சொல்லி வாதாட வேண்டும். வாதாடத் தெரிந்தவர்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

பிரணேஷ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவன் நியூட்டன் என்றான். இன்னொருவன் புத்தர். ஒருவன் ஏதோ கைபேசிக் கம்பெனி முதலாளியைச் சொன்னான். அதற்கும் அவர் தலையாட்டினார். குறித்துக்கொண்டார்.

அவளிடம் வந்ததும்தான் பேனா நின்றது.

அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"முதல் பட்டதாரியா நீ?"

பையன்களிடம் 'நீங்க' என்றுதான் பேசியிருந்தார்.

"ஆமா சார்."

"அம்மா என்ன பண்றாங்க?"

வேறு யாருடைய அம்மாவையும் அவர் விசாரிக்கவில்லை.

"நூறு நாள் வேலைக்குப் போறாங்க."

அவர் முகம் கனிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்புறம் ஏம்மா எங்கயோ போற? அம்மாவைப் பத்திச் சொல்லு. உன் உலகத்த மாத்துனது அவங்கதானே? தமிழ்லயே சொல்லு, பரவால்ல. டச்சிங்கா இருக்கும்."

தமிழில் பேசட்டுமா என்று அவள் கேட்கவே இல்லை.

பிரணேஷ் பெரிய மனசோடு சிரித்தான். சொல்லேன், நாங்களும் கேட்கிறோம் என்கிற சிரிப்பு.

சொல்லலாம்தான். போன வருடம் ஓர் அக்கா இப்படித்தான் அழுது வேலை வாங்கினாள் என்று ஹாஸ்டலில் பேச்சு. இந்த வருடம் கல்லூரிக்கு வந்த கடைசிக் கம்பெனி இது. வேலை இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அம்மா?

ரேஷன் கடை வரிசையில் எவளோ "பாவம்" என்று உச்சுக்கொட்டியதற்கு, "யாருடி பாவம்?" என்று பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனவள்.

அவளை இந்த ஏசி அறைக்குக் கூட்டிவந்து, இத்தனை பேர் முன்னால் நிறுத்தி, பாவம் என்று இவர்களைச் சொல்ல வைப்பதா?

"சார், இவங்க அஞ்சு பேருக்கும் அம்மா இருக்காங்க."

அவருக்கு உடனே புரியவில்லை.

"அவங்களை நியூட்டனைப் பத்திப் பேச விட்டீங்க. என்னையும் விடுங்க."



அவள் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தாள். தடுக்கிய இடத்தில் தமிழைப் போட்டாள். நிறுத்தவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் இரண்டு மதிப்பெண். ஹேபர் முறையில் வினையூக்கி எது? இரும்பு. எல்லாரும் எழுதினோம், எல்லாரும் மறந்தோம். காற்றில் சும்மா கிடந்த நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க வழி கண்டது அந்த ஆள். அந்த உரம் இல்லையென்றால் உலகத்தில் பாதிப் பேருக்கு இன்றைக்குச் சோறு இல்லை. நியூட்டன் இல்லையென்றாலும் ஆப்பிள் விழும். ஹேபர் இல்லையென்றால் இந்த அறையில் பாதி நாற்காலி காலி.

எந்தப் பாதி என்று அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

அவர் பேனாவை மூடினார்.

அவள் அதையும் பார்த்தாள். ஆவணி ஞாபகம் வந்தது. குரல் இறங்கவில்லை.

"சரிம்மா. போதும். அடுத்த ஆள்."

"இருங்க சார்."

பிரணேஷ். நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். அந்தச் சிரிப்பைக் காணோம்.

"அந்த ஆள்தானே முதல் உலகப் போர்ல விஷவாயு விட்டது? சோறு போட்டா கொன்னது கழிஞ்சிருமா? என்னங்க நியாயம் இது? என்னால ஒத்துக்கவே முடியாது."

அறைக்குள் வந்ததிலிருந்து ஒருவன் அவளோடு சண்டைக்கு வந்தது அப்போதுதான்.

அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அவள் நாற்காலியை பிரணேஷ் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"கழியாதுங்க" என்றாள். "இங்க நல்லவர் யாருன்னா கேட்டாங்க?"