நாலு நாள் டூர்

“அவனவன் வேலை போயிடுமோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கான். உங்களுக்கு ஃபாரின் டூர் கேக்குதா மாமா?” வழியனுப்ப வந்த மச்சினன் விமான நிலைய வாசலிலேயே பொரிந்தான்.

“கூட்டம் இல்லாததால பாதி விலைக்குக் கூட்டிட்டுப் போறாங்கடா” என்றார் அவர். மனைவி பெட்டி வைத்த வண்டியைத் தள்ளத் தொடங்கினாள்.

உள்ளே, கவுன்டரில் இருந்த பெண் பெரிய பெட்டியை எடை பார்த்தாள். “என்ன சார், பெட்டி காலியா இருக்கு?”

அவர் தலையாட்டினார். “ஆமாம்மா.”

“டூர்னு சொல்லிட்டுப் போய் அங்கேயே வேலை தேடித் தங்கிடறாங்க. ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா?”

எடுத்து நீட்டினார். புரட்டியவள் நிமிர்ந்தாள்.

“போறது ரெண்டு பேர். திரும்பி வர மூணு டிக்கெட் போட்டிருக்கீங்களே?”

மனைவிதான் பேசினாள்.

“எங்க பையன் அங்கதாம்மா இருக்கான். வேலைக்கெல்லாம் ஒண்ணும் ஆகலைன்னு தினமும் சொல்றான். ஆனா வீடியோ கால்ல பார்த்தா, அவன் பின்னாடி இருந்த டிவியக் காணோம். அப்புறம் சோபாவைக் காணோம். நேத்து தரையில உக்காந்து பேசினான்.”