ராத்தா மாதிரி

ஊசித் தட்டோட நேர்ஸ் மிஸ் வந்து நிண்டா. ஜெஸ்லியா அவவைப் பார்க்கேல்ல, என்னைத்தான் பார்த்தாள்.

"ராத்தா, நீங்கள் மூண்டு தரமும் இதைத் தாங்கினீங்கள் தானே?"

அல்லாஹ்வே, இதையோ இப்ப கேக்கோணும்!

விடியச் சுபஹுக்கு முன்னம் தொடங்கின பிரசவ நோ. இப்ப மத்தியான லுஹர் பாங்கும் சொல்லியாச்சு. கட்டில் கம்பியைப் பிடிச்ச பிடியில அவளின்ர விரலெல்லாம் வெளிறிப் போய்க் கிடந்தது. என்ர சொந்தத் தங்கச்சி. என்னை விடப் பதின்மூண்டு வயசு இளையவள், நான் இடுப்பில தூக்கி வளத்த பிள்ளை. லேபர் றூமுக்குள்ள கூட நிக்க ஒராளைத்தான் விடுவினம். புருஷனை விட்டிட்டு என்னைத்தான் கேட்டவள்.

நோக் குறைக்கிற ஊசி இல்லாமல், மருந்து இல்லாமல் பிள்ளை பெறப்போறன் எண்டு ஏழாம் மாசத்திலயே முடிவெடுத்திட்டாள்.

சும்மா வாயால சொல்லேல்ல. பின்னேரம் பின்னேரம் ரிஸ்கானை இழுத்துக்கொண்டு கடற்கரையில நடந்தாள். பாவம் அந்த மனிசன், நாள் முழுக்க மீன் வாடியில மீன் நிறுத்துக் குடுத்திட்டு வந்து, செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு பொஞ்சாதிக்குப் பின்னால நடப்பார். கடைசி மாசம் நாளுக்கு ஏழு பேரீச்சம்பழம். ஃபோனில பார்த்துப் பார்த்து மூச்சு விடப் பழகினாள். நாலு எண்ணி இழுக்கிறது, ஆறு எண்ணி விடுறது.

"மூச்சு விடவும் பள்ளிக்கூடம் போறியோடி" எண்டு நான் பகிடி பண்ணினன்.

ராத்தாவுக்கு இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது எண்டாள்.

தேவைப்பட்டிருக்காதாம்! சிரிச்சன், வேற என்ன செய்யிறது.

என்ர வாய் அப்பிடி. கலியாண வீடோ, மவுத்தானவைக்கு ஓதுற கத்தம் வீடோ, நாலு பொம்பிளையள் கூடினால் என்ர பிள்ளைப்பேற்றுக் கதை வந்திடும். மூண்டும் புத்தளத்தில பிறந்ததுகள், நாங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த காலம். ஒரு சத்தம் போடேல்ல, ஒரு ஊசி போடேல்ல, மர்யம் பூ ஊறின தண்ணியைக் குடிச்சன், ஸலவாத்தை ஓதினன், பிள்ளை வந்திட்டுது எண்டு அளப்பன்.

மக்காவில இருந்து மாமி கொண்டுவந்த காய்ஞ்ச பூ அது. தண்ணியில போட்டால் மெல்ல மெல்ல விரியும். பூ விரிய விரிய நோவும் லேசாகும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை. என்ர கதையைக் கேட்டிட்டு எங்கட ஊர் எருக்கலம்பிட்டியில எத்தினை பேர் அதை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கினம். எனக்கெண்டால் பெருமை தாங்காது.

ஜெஸ்லியாவும் சின்னனில இருந்து இந்தக் கதையைக் கேட்டு வளந்தவள்தான். இண்டைக்கு விடியவும் அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் ஆட்டோவில ஏறினாள். பூ நல்லா விரிஞ்சுதான் இருந்தது. நோதான் லேசாகேல்ல.

மிஸ் அவசரப்பட்டா. இப்ப வேண்டாம் எண்டால் பேந்து கேட்டாலும் குடுக்க ஏலாது, பிள்ளை கிட்ட வந்திட்டால் ஊசி பிள்ளைக்குக் கூடாது எண்டு ரெண்டு தரம் சொன்னா.

போட்டுக்கொள்ளடி எண்டு ஒரு சொல்லு. நான் சொன்னால் போட்டிருப்பாள்.

"ஓம், தாங்கினனான்" எண்டன்.

அவள் மிஸ்ஸைப் பார்த்து வேண்டாம் எண்டு தலையை ஆட்டினாள். மிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மற்றக் கட்டிலுக்குப் போயிட்டா.

பேந்து நடந்ததைச் சொல்ல எனக்கு ஏலாது. எண்ணுறதும் இல்லை, மூச்சுப் பழக்கமும் இல்லை. மவுத்தாகிப்போன உம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். ஊசியைப் போடச் சொல்லுங்கோ ராத்தா எண்டு என்ர அபாயாவைப் பிடிச்சு இழுத்தாள். ஓடிப்போய்க் கேட்டன். அப்பவே சொன்னனான் தானே எண்டா மிஸ். அதைக்கூடக் கோவமாச் சொல்லேல்ல.

பின்னேரம் அஸர் நேரம் பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை, நல்ல சுகம். வெளியில ரிஸ்கான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு விம்மி விம்மி அழுதது உள்ளுக்குக் கேட்டது.

ஜெஸ்லியா சிரிக்கேல்ல. பிள்ளையை நெஞ்சில போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். எனக்கு அவளின்ர நெத்தியைத் தடவவும் பயமாக் கிடந்தது. என்னில கோவமாக்கும், இருக்கட்டும், ஏசட்டும் எண்டு நினைச்சன். ஏசினாளெண்டால் நல்லம் எண்டும் நினைச்சன்.

கனநேரத்துக்குப் பிறகு திரும்பினாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் குரலே இல்லை.

"ராத்தா, நான் கத்தினதை வீட்டில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களை மாதிரித் தாங்க எனக்கு ஏலாமப் போச்சு. வெக்கமாக் கிடக்கு."

நான் அவளின்ர போர்வையை இழுத்துச் சரியாக்கினன்.

மூத்தவனைப் பெறேக்க நோ தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகேல்ல, மிஸ்ஸின்ர கையைப் பிடிச்சு அழுது ஊசி போடுவிச்ச ஆள் நான். மற்ற ரெண்டுக்கும் ஆஸ்பத்திரி வாசலில வைச்சே கேட்டிட்டன்.

இப்பவாவது சொல்லோணும் எண்டு வாயைத் திறந்தன். அவள் என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"சொல்லமாட்டன்" எண்டன்.