அறுத்த கட்டை

"அப்பாவே போயாச்சு. இந்தப் பழைய துப்பாக்கியெல்லாம் வச்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணப்போற?" என்றான் கர்ட்.

"சுடுவேன்" என்றாள் ஆர்லீன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் முழுக்க அலைந்து சேர்த்த, லீவர் இழுத்துச் சுடும் சின்னத் துப்பாக்கிகள். கர்ட் அழைத்து வந்த வியாபாரி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கடைசித் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அலறிவிட்டார்.

"அடப்பாவி! தோள்ல வைக்கிற கட்டையை எந்த மடையன் அறுத்தான்? இனி இதை எவன் தொடுவான்?"

"அப்பாதான் அறுத்திருப்பார். நீளம் அவருக்குத் தோதுப்படலையோ என்னமோ" என்றான் கர்ட்.

வியாபாரி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அதில் கர்ட்டின் அப்பா ஆறடிக்கு மேல் நின்றார். பக்கத்தில் ஆர்லீன் அவர் நெஞ்சுக்குத்தான் வந்தாள்.

ஆர்லீன் அந்தத் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அந்த மடையன் நான்தான். எல்லாமே நான் தேடி வாங்கினது. உங்கப்பா வண்டி ஓட்ட வந்தார், அவ்வளவுதான்."

"அம்மா…"

"ரம்பம் ஷெட்லதான் இருக்கு. இன்னொரு வார்த்தை விலை பேசினீங்க, மிச்சத்தையும் அறுத்துடுவேன்."

வியாபாரி தொப்பியைத் தேடினார்.